எலி கடித்த லாரி வயரிங்குக்கு ஹோண்டா மிளகாய் டேப்: வாங்கலாம், ஆனால் கடியைத் தேடி முடித்த பிறகு

பாக எண் 4019-2317. அகலம் 4 சென்டிமீட்டர், ஒரு சுருளின் நீளம் 20 மீட்டர், மேலே வரிசையாக எலிப் படம். பார்வைக்குச் சாதாரண வயரிங் டேப்தான். வித்தியாசம் அதில் ஊறியிருக்கும் கேப்சைசினில் இருக்கிறது. மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிவதற்குக் காரணமான அதே பொருள். பாலூட்டி என்பதால் எலிக்கும் அந்த எரிச்சல் நம்மைப் போலவே தெரியும். பறவைக்குத் தெரியாது, கிளி மிளகாயை நிம்மதியாகத் தின்பது அதனால்தான்.

கார்களுக்காக வந்த பொருள் இது. சிங்கப்பூரில் லாரி ஓட்டுபவர்களுக்கும் லாரி வைத்திருப்பவர்களுக்கும் உதவுமா என்றால், உதவும். ஆனால் பலர் இதைத் தவறான வேளையில் சுற்றுகிறார்கள். எஞ்சின் விளக்கு எரிகிறது, பட்டறையில் கண்ணுக்குத் தெரிந்த ஒரு வயரை ஒட்டுகிறார்கள், கையோடு டேப்பைச் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்த மற்ற கடிகள் டேப்புக்குள் மறைந்துவிடும். அடுத்த மழையில் லாரி நடுவழியில் நிற்கும்போது, டேப்பைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அங்கேதான் வேலை முடிந்துவிட்டதே என்ற நினைப்பு. புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்டது போல. அதனால் டேப்பின் தரத்தைச் சொல்வதற்கு முன், அதைச் சுற்றும் அளவுக்கு ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டு, தயாரா என்று பார்க்கும் வழியைச் சொல்லியாக வேண்டும்.

எலி ஏன் லாரியில் ஏறுகிறது

குளிர் நாடுகளில் எஞ்சின் சூட்டுக்காக எலி வரும் என்பார்கள். நம் ஊரில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. இங்கே அது தேடுவது மழை படாத, ஆள் தொடாத, தரையிலிருந்து உயர்ந்த ஒரு மறைவிடம். கனரக வாகனத்தை வீட்டடியில் நிறுத்த முடியாது. நிறுத்துமிடச் சான்றிதழ் வாங்கி அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் விட வேண்டும். துவாஸ், சுங்கை காடுட் மாதிரித் தொழிற்பேட்டைப் பகுதிகளில் லாரிக்குப் பக்கத்திலேயே கால்வாயும் புல்தரையும் இருக்கும். சனி மாலை நிறுத்தி திங்கள் காலை எடுத்தால் எலிக்கு இரண்டு முழு இரவுகள். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் லாரியாக இருந்தால், சாப்பாடும் மேலேயே இருக்கிறது.

எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. வயர் உறை அதற்குத் தோதான கடினத்தில் இருக்கிறது. உறையில் சோயா கலந்திருப்பதால்தான் தின்கிறது என்ற பேச்சு பரவலாக உண்டு. கடிபட்ட இடத்துக்குக் கீழே பாருங்கள், உறைத் துணுக்குகள் அப்படியே சிதறிக் கிடக்கும். பசிக்குத் தின்றிருந்தால் துணுக்கு ஏன் மிஞ்சுகிறது?

அது எலிதானா?

கேபினைச் சாய்த்ததும் முதலில் அதன் பூட்டும் தாங்கு கம்பியும் சரியாக விழுந்ததா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் தலையைக் கீழே நீட்ட வேண்டும். டார்ச்சோடு எலி ஏறிய பாதையிலேயே போங்கள்: முன் டயர், பட்டை ஸ்பிரிங், லாரியின் அடிச்சட்டம் (சேஸி), அங்கிருந்து கியர்பாக்ஸின் மேல்தட்டு, அதற்கும் மேலே எஞ்சினின் பின்பக்கம். தினமும் ஒரே வழியில் போவதால் உடல் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து சட்டத்தின் விளிம்பில் கறுப்பாக ஒரு தடம் விழுந்திருக்கும். எச்சமும் சாட்சி சொல்லும். சாக்கடைப் பெருச்சாளியின் எச்சம் முனை மழுங்கி 2 சென்டிமீட்டர் வரை இருக்கும், கூரை எலியுடையது முனை கூர்ந்து அதைவிடச் சிறியது, சுண்டெலியுடையது அரிசியளவு.

கடிபட்ட வயரை நகத்தால் தடவிப் பாருங்கள். எலிக்கடி என்றால் உறையில் இரட்டைக் கோடாகச் சின்னப் பள்ளங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், விளிம்பு செதுக்கியது போலத் தெரியும். உராய்வு என்றால் ஒரே பக்கம் வழவழவென்று பளபளத்து, அதற்கு நேர் எதிரே ஒரு பிராக்கெட்டோ போல்ட் தலையோ இருக்கும். சூட்டில் போனதென்றால் விளிம்பு உருகி உருண்டிருக்கும். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் பணம் வீண். உராய்வில் போன வயருக்கு மிளகாய் டேப் சுற்றி என்ன பயன்?

கூடு இருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. எலிச் சிறுநீரிலும் எச்சத்திலும் ஹண்டா வைரஸ் இருக்கலாம், காய்ந்த தூசியோடு சேர்ந்து மூச்சில் உள்ளே போகும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூட்டை நனைத்து, 5 நிமிடம் ஊறவிட்டு, ஈரமாகவே அள்ளிக் கட்டிப் போடுங்கள். அந்தக் கலவை கனெக்டருக்குள் போனால் பின்கள் அரிக்கும். கனெக்டர் பக்கத்தில் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்து, வெறுந்தண்ணீரில் மறுபடி துடைத்துவிடுங்கள்.

பழுதுக் குறியீட்டைப் படிப்பது

எதையும் கழற்றும் முன் ஸ்கேனரில் எல்லாக் குறியீடுகளையும் எழுதி வையுங்கள், அழித்துவிடாதீர்கள். ஜே1939 என்ற கனரக வாகனத் தகவல் முறையில் பேசும் லாரிகளில் குறியீடு இரண்டு பகுதியாக வரும்: எந்த உறுப்பு என்பது எஸ்பிஎன், எப்படிப் பழுது என்பது எஃப்எம்ஐ. எஸ்பிஎன் 100 எண்ணெய் அழுத்தம், 102 டர்போ காற்றழுத்தம், 110 கூலண்ட் வெப்பம், 651 முதல் 656 வரை ஒன்று முதல் ஆறு வரையிலான இன்ஜெக்டர்கள், 639 லாரியின் கணினிகளுக்கு இடையிலான தகவல் இணைப்பு. எஃப்எம்ஐ 3 என்றால் மின்னழுத்தம் கூடுதல், 4 என்றால் குறைவு, 5 என்றால் மின்னோட்டம் குறைவு, அதாவது பெரும்பாலும் அறுந்த வயர். 6 என்றால் மின்னோட்டம் கூடுதல், 2 என்றால் நிலையில்லாமல் துள்ளும் அளவு.

கூலண்ட் சென்சார் வயர் அறுந்தால் 0 வோல்ட் வரும் என்றுதான் பலர் நினைப்பார்கள். வராது. இசியூ, அதாவது எஞ்சினின் கணினி, உள்ளிருந்தே 5 வோல்ட்டை மேலே இழுத்துப் பிடித்திருப்பதால், வயர் அறுந்தால் அது 5 வோல்ட்டிலேயே நிற்கும், குறியீடு 110/3 என்று வரும். அதே வயர் உறை போய் சட்டத்தில் தொட்டால் 110/4. ஆக அந்த ஒற்றை எண்ணே, அறுந்ததைத் தேட வேண்டுமா, தொட்டுக்கொண்டதைத் தேட வேண்டுமா என்று சொல்லிவிடுகிறது.

எலியின் கைவரிசை ஒரே நாளில் சம்பந்தமில்லாத நாலைந்து குறியீடுகளாக வரும். அத்தனை சென்சாரும் ஒரே இரவில் கெடாது. அவற்றுக்குப் பொதுவாக இருப்பது எது என்று பாருங்கள். ஒன்று, அவை எல்லாம் ஒரே ஹார்னஸ் கிளையில் போகும். அல்லது ஒரே 5 வோல்ட் ஊட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஊட்ட வயர் ஓரிடத்தில் சட்டத்தைத் தொட்டால் அதிலுள்ள எல்லாச் சென்சாரும் சேர்ந்து படுத்துவிடும். சாவியைப் போட்டு ஒரு கனெக்டரில் 5 வோல்ட்டைப் பார்த்தபடி, மற்றச் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, குற்றம் அந்தச் சென்சாரில். எல்லாம் கழற்றியும் திரும்பாவிட்டால் குற்றம் பெரும்பாலும் வயரில். இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று சென்சார் மாற்றச் சொல்லும் பட்டறைக்கு ஆமாம் சொல்லாதீர்கள்.

யூரோ 6 புகை விதிப்படி வந்த லாரிகளில் இன்னும் கவனம் வேண்டும். இங்கே புதிய டீசல் வாகனங்களுக்கு 2018 முதல் யூரோ 6 கட்டாயம். ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) தொட்டி, புகையை அளக்கும் நாக்ஸ் சென்சார் ஆகியவற்றின் வயர்கள் சட்டத்தின் ஓரமாக, எலி நடக்கும் உயரத்திலேயே போகின்றன. அங்கே ஒரு கடி விழுந்தால் லாரி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் கொஞ்ச நேரத்தில் இழுவை குறைந்துவிடும். எஞ்சினைச் சுற்றி மட்டும் தேடினால் அது கிடைக்காது.

மீட்டர் எதைக் காட்டும், எதைக் காட்டாது

தகவல் இணைப்பின் இரு முனையிலும் 120 ஓம் தடை இருக்கும், அதனால் அந்த இணைப்பின் இரண்டு வயர்களுக்கும் (கேன் வயர்கள்) இடையே 60 ஓம் வர வேண்டும். சாவியை எடுத்து, ஆட்புளூ பம்ப் தன் வேலையை முடிக்கச் சில நிமிடம் காத்திருந்து, பேட்டரி எதிர்முனையைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். ஸ்கேனர் செருகும் 16 பின் சாக்கெட்டில் 6-வது பின்னும் 14-வது பின்னும். 120 வந்தால் ஒரு முனை துண்டாகிவிட்டது, 0-க்குப் பக்கமாக வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன. சாக்கெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேட்வே (தகவலைக் கடத்தும் தனிக் கணினி) இருக்கும் புதிய லாரிகளில் சாக்கெட்டில் அளப்பது அந்தப் பகுதியை மட்டுமே காட்டும், எஞ்சின் பக்க இணைப்பைத் தனியாக அளக்க வேண்டும்.

இனி, மிளகாய் டேப்பை அவசரப்பட்டுச் சுற்றக் கூடாது என்பதற்கான முக்கியக் காரணத்துக்கு வருவோம். 0.5 சதுர மி.மீ. வயரில் 0.2 மி.மீ. கம்பி இழைகள் 16 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எலி 15 இழைகளை அறுத்துவிட்டு ஒன்றை விட்டுவைக்கிறது, கடி 1 சென்டிமீட்டர் நீளம். அந்த ஒற்றை இழை சேர்க்கும் தடை ஏறத்தாழ 0.005 ஓம். கையில் இருக்கும் மீட்டரின் கடைசி இலக்கமே 0.1 ஓம். பீப் சத்தம் கேட்கும், வயர் நல்லது என்று தோன்றும். லாரியும் ஓடும், குண்டு குழியில் குலுங்கி அந்த இழை அறும் வரைக்கும்.

ஆகவே மெல்லிய சென்சார் வயர்களுக்கு மீட்டரை நம்பாமல் கையை நம்புங்கள். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்கேனரில் நேரலை அளவுகளைப் பார்த்தபடி, ஹார்னஸை 15 சென்டிமீட்டர் துண்டு துண்டாகப் பிடித்து அசையுங்கள். எங்கே அளவு துள்ளுகிறதோ அங்கே ஹார்னஸை மூடியிருக்கும் நெளிவுக் குழாயைப் பிரியுங்கள். இசியூ ஊட்டம், ஸ்டார்ட்டர், பூமித் தொடர்பு போன்ற தடித்த வயர்களுக்குச் சுமை ஏற்றி மின்னழுத்த இழப்பை அளப்பதே சரி. மீட்டரின் ஒரு முனை பேட்டரியில், மறுமுனை கருவியின் பக்கம், ஸ்டார்ட்டர் சுழலும்போது பாருங்கள். ஸ்டார்ட்டர் தடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் இழந்தால் தேடலைத் தொடருங்கள்.

உறை மட்டும் போய்ச் செம்பு முழுதாக இருக்கும் கடிதான் ஆளை அலைக்கழிக்கும். வெயிலில் ஒன்றுமில்லை, மழையில் எஞ்சின் திணறும், சூடேறி ஈரம் காய்ந்ததும் சரியாகிவிடும். சின்ன ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, எஞ்சின் ஓடும்போது சென்சார் கிளைகளில் லேசாகத் தூவினால் குற்றம் தானே வெளியே வரும். இன்ஜெக்டர் வயர்களில் இதைச் செய்யாதீர்கள், ஓடும் எஞ்சினில் அவற்றைத் தொடவும் வேண்டாம். காமன் ரயில் இன்ஜெக்டரைத் திறக்க இசியூ 24 வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்தி அனுப்புகிறது.

இன்னொன்று: மீட்டர் முனையைப் பெண் கனெக்டருக்குள் திணிக்காதீர்கள், வயர் உறையைக் குத்தியும் பார்க்காதீர்கள். எலி செய்யாத பழுதை நாம் செய்ததாகிவிடும்.

ஒட்டுவது

கடிபட்ட இடத்தில் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும் வரை பின்னோக்கி வெட்டுங்கள். நம் ஈரப்பதத்தில் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறி, உறைக்குள் பல சென்டிமீட்டர் போயிருக்கும். அதே தடிமன், அதே நிறத்தில் புதுத் துண்டு சேர்த்து, சரியான அளவுக் கிரிம்ப் (அழுத்திப் பூட்டும் உலோக இணைப்பு) போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். பசை இரு முனையிலும் கசிந்து வெளியே வளையமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தண்ணீர் போகும். சிம் லிம் டவரில் இந்தக் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பசை உள்ளது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், பசையில்லாதது விலை குறைவு, இந்த வேலைக்கு ஆகாது. ஈயம் பற்றவைத்த ஒட்டு மேசையில் அழகாக இருக்கும். லாரியின் அதிர்வில், ஈயம் ஊறி விறைத்த இடம் முடியும் விளிம்பில் உடையும். பல வயர்கள் கடிபட்டிருந்தால் ஒட்டுகளை 3, 4 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் போடுங்கள், ஒரே இடத்தில் முடிச்சாகக் கூடாது. கேன் வயர்களை ஒட்டிய பிறகு பழையபடி முறுக்கிவிடுங்கள்.

ஒரே கிளையில் பத்துப் பன்னிரண்டு வயர்கள் போயிருந்தால் ஒட்டுவதைவிட அந்தக் கிளையை மாற்றுவது நல்லது. முழு ஹார்னஸ் மாற்ற ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்கும்போது, கிளை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது டேப்

20 மி.மீ. தடிமனுள்ள ஹார்னஸில் பாதிக்குப் பாதி மேலேறச் சுற்றினால், ஒரு மீட்டர் ஹார்னஸுக்கு 3.3 மீட்டர் டேப் போகும். ஆக ஒரு சுருள் 6 மீட்டருக்குத்தான் வரும். கால் பங்கு மேலேறினால் 9 மீட்டர். 10 மி.மீ. கிளைகளில் பாதி மேலேற்றிச் சுற்றினாலும் 10 மீட்டருக்கு மேல் வரும். ஒரு 14 அடி லாரியை முழுக்கச் சுற்ற ஒரு சுருள் போதாது, முழுக்கச் சுற்றவும் வேண்டியதில்லை. எலி நின்று கடிக்க வசதியான கிடைமட்டத் தட்டுகள், அதாவது கியர்பாக்ஸ் மேல், எஞ்சின் பின்பக்கம், சட்டத்தின் உட்பக்கம், ஏற்கெனவே கடித்த இடத்துக்கு இருபுறமும் அரை மீட்டர். ஒரு சுருளை இதற்குச் செலவழித்தால் பலன் கிடைக்கும்.

சுற்றும் முன் எண்ணெய்ப் பிசுக்கை முழுக்கத் துடைத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு எழும்பும். டர்போ, எக்ஸாஸ்ட், புகையை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் குழாய் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே சூடு தாங்கும் ஸ்லீவ்தான் வேலைக்கு ஆகும். கையுறை கட்டாயம். இந்த டேப்பைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் நாள் முழுவதும் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலை சாதாரண வயரிங் டேப்பைவிடப் பல மடங்கு. உயர் அழுத்தத் தண்ணீர் பட்டால் முனை உரிகிறது, கடைசிச் சுற்றைக் கேபிள் டையால் கட்டினால் நிற்கும். மேலே கிரீஸும் மண்ணும் படிந்தால் உறைப்பு எலியின் வாய்க்கு எட்டத் தாமதமாகும், லாரியில் அது சீக்கிரம் படியும். முக்கியமாக, எலி கடித்துப் பார்த்தால்தான் உறைக்கும். வாசனையால் விரட்டும் பொருள் இல்லை இது. அதனால் எலி ஏறுவதையோ கூடு கட்டுவதையோ டேப் தடுக்காது, சுற்றாத வயருக்குக் காவலும் இல்லை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? துருப்பிடிக்காத எஃகுப் பின்னல் உறை இதைவிட உறுதி, சட்டத்து ஓர வயர்களுக்கு என் தேர்வு அதுதான். ஆனால் அதன் வெட்டு முனையை மூடாவிட்டால் அதுவே வயரை அறுக்கும். மீயொலிக் கருவிகளில் பணம் போடாதீர்கள். அமெரிக்க வணிக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, சொல்லும் பலனுக்கு ஆதாரம் வேண்டும் என்று. எலி அந்தச் சத்தத்துக்குப் பழகியும் விடும். புதினா எண்ணெய் எஞ்சின் சூட்டில் சில நாளில் ஆவியாகும். அந்துருண்டையின் புகை கேபினுக்குள் வரும், ஓட்டுநர் சுவாசிப்பார், வேண்டாம். எஞ்சின் பக்கம் விஷம் வைத்தால் எலி ஹீட்டர் குழாய்க்குள் போய்ச் சாகும், அந்த நாற்றத்தோடு வாரக்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கும்.

நிறுத்துமிடத்தில் வளைகள் தெரிந்தால் தேசிய சுற்றுப்புற வாரியத்துக்குத் தெரிவியுங்கள். உங்கள் நிறுவன வளாகம் என்றால் வாரியத்தில் பதிவு பெற்ற எலி ஒழிப்பு நிறுவனத்தை அழைக்கச் சொல்லுங்கள். கேபினில் சாப்பாட்டுப் பொட்டலத்தை விட்டுப் போகாதீர்கள். காப்புறுதிப் பாலிசியின் விலக்குப் பகுதியில் எலி, பூச்சி என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பழுதான பிறகு பார்த்துப் பயனில்லை.

சுற்றிய பிறகு இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும், அதன்பின் ஒவ்வொரு சர்வீஸிலும் கேபினைச் சாய்த்து டேப்பைப் பாருங்கள். அதில் இரட்டைப் பல் தடம் விழுந்து, அதோடு நின்றிருந்தால் டேப் தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தச் சுற்றை மட்டும் வெட்டி, உள்ளே உறை முழுதாக இருப்பதை உறுதிசெய்து, புதுத் துண்டு சுற்றுங்கள். கையோடு பக்கத்தில் டேப் இல்லாத வயர்களையும் தடவிப் பாருங்கள். உறைப்பு பட்ட எலி அடுத்த வயருக்குத்தான் போயிருக்கும்.